கோத்தகிரி வீட்டில் ஓவனை எந்த உயரத்தில் வைத்தோம்: ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச் சமையலறை கட்டுகிறவர்கள் மேடை எத்தனை அடி என்று கேட்பார்கள், சிம்னி எவ்வளவு மேலே என்று கேட்பார்கள். ஓவன் உயரத்தைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் தரும் வரைபடத்தில் அது முன்பே முடிவாகி இருக்கும். இந்த வீட்டிலும் அப்படித்தான். கோயம்புத்தூர் ஷோரூம் ஒன்றிலிருந்து வந்த வரைபடத்தில், ஓவனின் அடிவிளிம்பு தரையிலிருந்து 90 செ.மீ. என்று குறித்து, அதன் தலைமேல் ஒரு மைக்ரோவேவையும் வரைந்திருந்தார்கள். வேலை முடிந்தபோது ஓவன் 65 செ.மீ.க்கு இறங்கியிருந்தது, மைக்ரோவேவ் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்த 25 செ.மீ. ஏன் இறங்கியது, அதனால் யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன சிரமம் என்பதை எழுதி வைக்கிறேன். மலையில் வீடு கட்டுகிற, பழைய வீட்டைப் புதுப்பிக்கிற சிலருக்காவது உதவும்.

வீடும் ஆட்களும்

கோத்தகிரி டவுனைத் தாண்டி, தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கும் பழைய வீடு. வெளிச்சுவர் கனமான கல் சுவர். பின்பக்கம் இருந்த சமையலறையையும் விறகு அடுக்கும் அறையையும் ஒன்றாக்கி, 8 அடிக்கு 12 அடியில் புதுச் சமையலறை. நீள உள்சுவரில் ஃபிரிட்ஜ், மேடை, அடுப்பு. எதிர்ப்புறம் ஜன்னலுக்குக் கீழே சிங்க். இரண்டு பக்கமும் இரண்டடி ஆழ மேடை போக, நடுவில் நடப்பதற்கு நான்கு அடி மிச்சம்.

ஓவனைப் பயன்படுத்தப்போவது மூன்று பேர். மருமகள் வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட் ஆர்டர் எடுத்துச் செய்கிறவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் பிளம் கேக்குக்காக நாள் முழுக்க ஓவன் ஓடும். அவர் உயரம் 162 செ.மீ. மாமியாருக்கு அறுபது தாண்டிவிட்டது, உயரம் 148 செ.மீ., வலது தோளில் பல வருட வலி. ஆர்டர் அதிகமான நாட்களில் உதவிக்கு வரும் அக்கா 155 செ.மீ. இவர்கள் தவிர, நான்கு வயது முடியாத பேரன் ஒருவன். அவன் ஓவனைப் பயன்படுத்தப்போவதில்லை. ஆனால் உயரத்தை முடிவு செய்ததில் அவனுக்கும் பங்கு உண்டு.

முதலில் பேச உட்கார்ந்தபோது, "இது என் தொழிலுக்கு வாங்குறது, என் உயரத்துக்குப் பார்த்தா போதும்" என்றார் மருமகள். மாமியாரும் அதையே சொன்னார்: "எனக்கு எதுக்கு கண்ணு, நான் எப்பவாவது கடலை வறுக்கிறதோட சரி."

அது உண்மையா என்று பார்க்க, மேடைமேல் இருந்த பழைய ஓடிஜியை (மேடைமேல் வைக்கும் சின்ன கரண்ட் ஓவன்) பற்றி விசாரித்தேன். ஆர்டர் வேலைக்கு அது போதாது என்பதால் மருமகள் அதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். ஆனால் அது தினமும் ஓடியது. ஓட்டியவர் மாமியார்தான். உருளைக்கிழங்கு சுடுவது, கடலை வறுப்பது, அப்புறம் மழைக்காலத்தில் நமுத்துப்போன வர்க்கியைத் திரும்பவும் மொறுமொறுப்பாக்குவது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கிதான், ஆனால் மூடுபனி நாளில் டப்பாவைத் திறந்து வைத்தால் அரை மணியில் தொய்ந்துவிடும். அதைச் சூடு செய்யாமல் இந்த வீட்டில் சாயங்கால டீ கிடையாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாமியாரின் வலது முன்கையின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இரண்டு பழைய சூட்டுத் தழும்புகள். ஓடிஜி மேடைமேல் இருந்ததால் அதன் தட்டு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தது. அவருடைய முழங்கை 93 செ.மீ.யில். தட்டை எடுக்கும்போதெல்லாம் கையை மேலே தூக்கி, திறந்து கிடக்கும் கதவின்மேல் நீட்டித்தான் எடுத்திருக்கிறார். ஷோரூம் வரைபடப்படி கட்டினால் புது ஓவனின் நடுத்தட்டு அதைவிடவும் உயரத்தில் வரும். அந்த வரைபடத்தை அப்படியே விட முடியாது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

யோசித்த இடங்கள்

முதல் யோசனை பழைய முறை. அடுப்புக்கு நேர் கீழே, மேடைக்கு அடியில். செலவு குறைவு, உயர அலமாரி தேவையில்லை, மேடை நீளமும் குறையாது. மேடை 86 செ.மீ. உயரம் என்பதால் ஓவனின் அடி 20 செ.மீ. அளவில் வரும், நடுத்தட்டு 45 செ.மீ.யில், அதாவது முழங்காலை ஒட்டி. தினமும் ஒரு தட்டு எடுப்பவருக்கு அது சரிப்படலாம். பிளம் கேக் சீசனில் நான்கைந்து கிலோ தட்டைத் திரும்பத் திரும்பக் குனிந்து எடுப்பது இடுப்புக்குக் கேடு. இடுப்பைக்கூட விடுங்கள், இந்த வீட்டில் அதைத் தள்ளியதற்கு வேறு காரணம் இருந்தது. ஆர்டர் நாட்களில் மாமியார் அடுப்பில் சாதம், குழம்பு வைத்துக்கொண்டிருக்கும்போதே மற்ற இருவரும் ஓவனில் வேலை செய்கிறார்கள். ஓவன் அடுப்புக்குக் கீழே இருந்தால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மாமியார் நகர வேண்டும். கொதிக்கும் குழம்புக்குக் கீழே ஒருவர் குனிந்து நிற்பதை எந்த வீட்டிலும் நான் ஏற்பதில்லை.

அதோடு சால்வை. மலையில் பாதி வருடம் பெண்கள் புடவைமேல் ஸ்வெட்டரோ சால்வையோ போட்டிருப்பார்கள். குனிந்தால் முந்தானையும் சால்வை நுனியும் நேராகத் திறந்த கதவின் உள்கண்ணாடிமேல் போய் விழும். சமவெளி வீட்டுக்கு வரைபடம் போடுகிறவருக்கு இது நினைவுக்கு வர வாய்ப்பில்லை.

இரண்டாவது, ஷோரூமின் உயர அலமாரி. அடிவிளிம்பு 90, மேல்விளிம்பு 150. "கண் மட்டத்தில் ஓவன்" என்று அதை விற்கிறார்கள். குனியாமலே கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கலாம் என்பதில் பொய் இல்லை. மருமகளுக்கு அது பிடித்ததற்கும் நியாயம் உண்டு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 94 டிகிரி பக்கத்தில் கொதித்துவிடும். சமவெளிக் குறிப்பை வைத்துக் கேக் செய்தால் வேகமாகப் பொங்கி, நடுப்பகுதி வேகும் முன்பே அமுங்கிப்போகும். பேக்கிங் பவுடரைக் குறைத்து, சூட்டைக் கொஞ்சம் கூட்டி, கடைசி நிமிடங்களில் கண்ணை எடுக்காமல் பார்த்துத்தான் இங்கே கேக் செய்கிறார்கள். அந்தப் பார்வை கதவைத் திறக்காமல் கிடைக்க வேண்டும். அதனால் அவர் "கண் மட்டம்" கேட்டதை வெறும் ஆசை என்று தள்ள முடியவில்லை.

பக்கவாட்டில் திறக்கும் கதவுள்ள ஓவன் வாங்கினால் பாதிப் பிரச்சினை போய்விடும் என்பதும் தெரிந்ததுதான். அலமாரிக் கதவு மாதிரி திறக்கும், கை நீட்டும் வழியில் சூடான கதவே இருக்காது. ஆனால் அந்த வகை நம் ஊர்க் கடைகளில் குறைவு, விலையும் ஏறிவிடும், பழுதானால் உதிரிபாகத்துக்குக் கீழே ஆள் அனுப்ப வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஓவன் நின்றுபோனால் இந்த வீட்டுக்கு வருமானம் நிற்கும். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தது

காகிதத்தில் எத்தனை கோடு போட்டாலும் இது கையால் முடிவாக வேண்டிய விஷயம். ஓவனின் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி எடுத்து, முன்பக்கத்தைக் கீழே மடங்கும் கதவு மாதிரி வெட்டி, உள்ளே நடுத்தட்டு வரும் இடத்தில் ஒரு பலகை செருகினோம். பெட்டியைச் செங்கல் அடுக்கின்மேல் வைத்தோம். செங்கல்லைக் கூட்டினால் உயரம், எடுத்தால் இறக்கம்.

பேக்கிங் தட்டில் அரிசி மூட்டை வைத்துத் தூக்கச் சொல்வது பலரும் செய்வது. எடை தெரியும், ஆனால் தட்டு சாய்வது தெரியாது. சுட்டுக்கொள்வது பெரும்பாலும் எடையால் இல்லை, தட்டு சாய்ந்து எண்ணெயோ சர்க்கரைப் பாகோ வழிவதால். அதனால் தட்டில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்று பேரையும் அவரவர் வழக்கமான ஸ்வெட்டர், வீட்டுச் செருப்போடு எடுக்கச் சொன்னேன். செருப்பும் அவசியம். இங்கே தரை சில்லென்று இருக்கும், வெறுங்காலோடு சமைப்பவர் யாரும் இல்லை. செருப்பு ஒன்றரை, இரண்டு செ.மீ. கூட்டிவிடும்.

90 செ.மீ.யில் மருமகள் சிரமமில்லாமல் எடுத்தார். நடுத்தட்டு அவருக்கு 114இல், முழங்கையைவிட 12 செ.மீ. மேலே. தண்ணீர் தளும்பியது, சிந்தவில்லை. உதவிக்கு வரும் அக்காவுக்குக் கொஞ்சம் சிந்தியது. மாமியார் குதிகாலைத் தூக்கி நின்றார். தட்டை வெளியே இழுத்ததும் முன்விளிம்பு தாழ்ந்து, தண்ணீர் முழுக்க அவர் ஸ்வெட்டர் கையில். அது தண்ணீராக இருந்ததால் எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. "அத்தை, நீங்க இதைத் தொடவே வேண்டாம், நான் எடுத்துத் தரேன்" என்றார். மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. தினமும் வர்க்கி சுடுகிற ஓவனை இன்னொருவர் வந்து திறந்து தர வேண்டும் என்றால் அவர் அதைத் தொடவே மாட்டார். பழைய ஓடிஜி மேடைமேலேயே கிடக்கும், மேடையில் இடமும் போகும்.

செங்கல்லை வரிசை வரிசையாக எடுத்தோம். 75இல் மாமியார் குதிகாலைத் தூக்கவில்லை, ஆனால் தோள் இன்னும் ஏறியது. 65க்கு வந்தபோது தட்டை மார்போடு ஒட்டினாற்போல் நேராக இழுத்து எடுத்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. 55இல் அவருக்கு இன்னும் சுலபம்தான், மருமகள் வளைய ஆரம்பித்தார். சரி, விடை 65க்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

கணக்கு

கணக்கு போட்டுப் பார்த்தாலும் அதே எண்தான் வந்தது. எடையுள்ள, சூடான ஒன்றைத் தூக்கக் கைக்கு வசதியான இடம் முழங்கை உயரத்திலிருந்து ஒரு சாண் கீழே வரை. முழங்கைக்கு மேலே போனால் தோள் தூக்க வேண்டியிருக்கிறது, ரொம்பக் கீழே போனால் இடுப்பு. ஆகவே முதலில் தட்டின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும், ஓவன் அதற்கேற்ப உட்காரும். இதற்கு மூன்று அளவு போதும். தினமும் பயன்படுத்துபவர்களில் குள்ளமானவரின் முழங்கை உயரம், செருப்போடு. வாங்கப்போகும் ஓவனின் அடிவிளிம்பிலிருந்து அதிகம் பயன்படும் தட்டுவரிசைக்கு எவ்வளவு தூரம் என்பது. அப்புறம், பக்கத்து மேடையின் உயரம்.

இங்கே முழங்கை 93. தட்டு அதற்கு நான்கு செ.மீ. கீழே இருக்கட்டும் என்று வைத்தால் 89. இந்த ஓவனில் அடியிலிருந்து நடுவரிசை 24 செ.மீ. மிச்சம் 65. இதில் மருமகளுக்குத் தட்டு முழங்கையைவிட 13 செ.மீ. கீழே வருகிறது, ஒரு சாணுக்குள்தான். இரண்டு தட்டு வைக்கும் நாளில் கீழ்வரிசை இன்னும் ஏழு செ.மீ. தாழும், அதையும் அவர் குனியாமல் எடுத்துவிடலாம். குள்ளமானவருக்கு உயரமான ஓவன் ஆபத்து, உயரமானவருக்குத் தாழ்ந்த ஓவன் சிரமம் மட்டும்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது என் கட்சி. வீட்டில் யார் மூத்தவர், யார் சம்பாதிப்பவர் என்பதெல்லாம் அப்புறம்.

திறந்த கதவின் மட்டம் இதில் 69 செ.மீ. வாக்கில் வருகிறது, 86 செ.மீ. மேடைக்கு ஒரு சாண் கீழே. எடுத்த தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பக்கத்து மேடையில் வைக்க வேண்டும். அந்த இறங்குமிடத்தைப் பற்றி உயரத்துக்குச் சமமாகவே யோசித்தோம். ஷோரூம் வரைபடத்தில் உயர அலமாரி சிங்க் பக்கச் சுவரில் தனியாக நின்றது. தட்டை எடுத்தவர் கையில் சூட்டோடு முழுதாகத் திரும்பி, எதிர்ப்பக்கம் நடந்து வைக்க வேண்டும். நடுவில் பேரன் ஓடிவந்தால்? அலமாரியை அடுப்பு இருக்கும் சுவருக்கே மாற்றி, கடைக்கோடியில் நிறுத்தினோம். அடுப்புக்கும் அதற்கும் நடுவில் 50 செ.மீ. காலி மேடை. அதில் எதையும் நிரந்தரமாக வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், மிக்ஸியைக்கூட. மேடைக்குக் கறுப்பு கிரானைட். 200 டிகிரி தட்டை நேராக வைத்தாலும் அது தாங்கும். குவார்ட்ஸ் என்று விற்கிற செயற்கைக் கல் பார்க்க அழகுதான், ஆனால் அதில் ரெசின் கலந்திருக்கிறது, சூட்டில் கறை படியும், சில நேரம் விரிசலும் விடும்.

அழகு பற்றி ஒரு வாதம் வந்தது. ஓவனின் அடிக்கோடு மேடைக்கோட்டோடு நேராக இல்லை, பார்த்தால் "தப்பாக வைத்த மாதிரி" இருக்கும் என்றார் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன். அவர் அனுப்பிய படங்களில் எல்லாக் கோடும் ஒரே நேரில் ஓடின. ஆசாரிக்கும் அதே எண்ணம். ஓவனுக்கு மேலேயும் கீழேயும் அலமாரிக் கதவின் அதே நிறப் பலகை வந்ததும் கோடு கண்ணை உறுத்தவில்லை. உறுத்தியிருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

பேரன்

65 செ.மீ.யின் பலவீனம் இங்கேதான். குழந்தையின் பாதுகாப்பை மட்டும் பார்த்தால் ஷோரூம் சொன்ன 90தான் நல்லது. 65இல் ஓவன் கண்ணாடி கிட்டத்தட்ட அவன் முகத்துக்கு நேராக வருகிறது. போதாததற்கு, இது குளிர் ஊர். டிசம்பர், ஜனவரியில் வீட்டிலேயே கதகதப்பான இடம் சமையலறை. விறகடுப்பு இருந்த காலத்தில் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள், இப்போது ஓவன் பக்கம் வந்து ஒட்டி நிற்பார்கள். பூனையும் வரும். சமவெளியில் "சூடு, கிட்ட வராதே" என்றால் ஓடிப்போகிற குழந்தை, இங்கே சூட்டைத் தேடி வருகிறது.

இதற்கு மூன்று அடுக்குக் கண்ணாடிக் கதவுள்ள ஓவனைத் தேர்ந்தெடுத்தோம். வெளிக்கண்ணாடி சூடாகும், ஆனால் தொட்டதும் தோல் பொசுங்கும் அளவுக்குப் போகாது. குமிழ்களுக்குக் குழந்தைப் பூட்டு உண்டு. அலமாரி கடைக்கோடியில் நிற்பதால், ஹாலிலிருந்து பின்வாசலுக்கு ஓடுகிற வழியில் ஓவன் குறுக்கிடாது. இவ்வளவு செய்தும் கதவு திறந்திருக்கும் அந்த அரை நிமிடத்துக்கு விடை இல்லை. உள்கண்ணாடி முழுச் சூட்டில் இருக்கும், அதுவும் 69 செ.மீ. உயரத்தில். திறப்பதற்கு முன் "தம்பி எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திறப்பது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். அவன் வளர்கிற வரைக்கும் இந்தக் குறை இருக்கத்தான் செய்யும், மாமியாரின் முழங்கையோ வளரப்போவதில்லை. அந்த அடிப்படையில்தான் 65ஐ ஒப்புக்கொண்டோம். வீட்டில் தவழும் குழந்தைகள் அடுத்தடுத்து வரப்போகிறார்கள் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

ஓவனுக்கு மேலும் கீழும்

ஓவன் தலைமேல் மைக்ரோவேவ் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓவனே 65இல் தொடங்கினாலும் அதன் மேல்விளிம்பு 125க்கு வந்துவிடும். அதன்மேல் மைக்ரோவேவ் என்றால் அதன் தட்டு 130க்கு மேல், மாமியாரின் தோளுக்கும் மேலே. கொதிக்கும் பாலோ ரசமோ தோளுக்கு மேலிருந்து இறங்கும். வேண்டாம் என்றேன். மைக்ரோவேவ் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து மேடைக்குப் போனது. ஓவனுக்கு மேலே கதவு போட்ட அலமாரி, அதில் சூடு பட்டால் கெடாத டப்பாக்கள்.

ஓவனுக்குக் கீழே கிடைத்த இடத்தில் அடிப்பீடம் போக இரண்டு இழுப்பறைகள். மேலே ஆழம் குறைந்தது, தட்டுகளுக்கு. கீழே ஆழமானது, கேக் டின்களுக்கு. ஓவனுக்கு அடியில் இழுத்தால் வெளியே வருகிற பலகை ஒன்றும் வைத்துத் தருகிறோம், தட்டை அதில் இறக்கலாம் என்று ஷோரூமில் சொன்னார்களாம். பக்கவாட்டுக் கதவு ஓவனுக்கு அது அருமையான ஏற்பாடு. கீழே மடங்கும் கதவு திறந்ததும் அந்தப் பலகை கதவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், அதில் எதை இறக்குவது? அந்தப் பணத்தில் ஓவனுக்குள் சறுக்குக் கம்பி வாங்கிப் போட்டோம். தட்டைப் பாதிக்குமேல் வெளியே இழுத்து, அது நிலையாக நிற்கும்போது இரண்டு கையாலும் பிடிக்கலாம். முன்கை உள்ளே போக வேண்டியதில்லை. தழும்புகளை நினைத்துப் பார்த்தால் இதுதான் இந்த வேலையில் ரொம்பச் சின்னச் செலவில் கிடைத்த பெரிய லாபம்.

மட்டம், பலகை, கரண்ட்

உயரம் முடிவானதும் அதைச் சுவரில் சரியாகக் குறிப்பது தனி வேலை. எங்கள் எல்லா அளவும் டைல்ஸ் போட்டு முடிந்த தரையிலிருந்து. அலமாரி அளவெடுக்கும்போது தரை இன்னும் வெறும் கான்கிரீட், மேலே கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஐந்து செ.மீ. வரை ஏறும். அந்த வெறும் தரையிலிருந்து 65 அளந்திருந்தால் கடைசியில் 60தான் மிஞ்சும். பழைய தரை ஒரு மூலைக்கு இரண்டு செ.மீ. சாய்வாகவும் இருந்தது. கொத்தனார் டியூப் மட்டம் பிடித்து, சுவர் முழுக்க ஒரே மட்டக்கோடு இழுத்துத் தந்தார். ஆசாரி இஞ்சில் வேலை செய்பவர். அவருக்கு "ரெண்டு அடி ஒன்றரை இஞ்ச்" என்று அலமாரிப் பலகையிலேயே பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். ஓவனை உட்கார வைக்கும்போது ரசமட்டம் பார்த்தார். சாய்ந்த ஓவனில் கேக் ஒரு பக்கம் தடித்து வரும்.

கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல் சுவர் ஈரம் கக்கும். அலமாரியின் ஒரு பக்கம் அந்தச் சுவரை ஒட்டி வருவதால் ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு, முன்பக்கம் மட்டும் பட்டைப் பலகையால் மூடினோம். பலகை ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். ஷோரூம் சொன்ன எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்யும் பலகை) இந்த ஊர் ஈரத்தில் ஓரங்களில் ஊதிப்போகும். ஓவனே முப்பது கிலோவுக்கு மேல், அதைத் தாங்கும் தட்டுக்கு இரண்டு பிளைவுட்டை ஒட்டித் தடிப்பாக்கினோம். பின்பலகையை ஓவன் இருக்கும் இடத்தில் முழுக்க வெட்டிவிட்டோம், காற்று கீழிருந்து நுழைந்து பின்புறமாக மேலேற வேண்டும்.

ஓவன் 3,000 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பிளக் தாங்குவது 3,680 வாட். அதாவது ஓவன் ஒன்றே கிட்டத்தட்ட முழு அளவையும் எடுத்துக்கொள்ளும், அதே வயரில் கெட்டிலோ ஹீட்டரோ சேரக்கூடாது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயர் தனியாக, அதற்கென்று 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த். பிளக்கை ஓவனுக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்து மேடைக்குக் கீழ் அலமாரியில் வைத்தோம். பின்னால் வைத்தால் ஓவன் முழுதாக உள்ளே போகாது, அவசரத்துக்குப் பிடுங்கவும் முடியாது.

மழைக்காலம் முடிந்த பிறகு

கிறிஸ்துமஸ் ஆர்டர் எல்லாம் ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். பழைய ஓடிஜி மேடையில் இல்லை, பரணுக்குப் போய்விட்டது. மாமியார் ஓவனைத் தானே ஓட்டுகிறார். நடுவரிசையைவிட அதற்குக் கீழ்வரிசைதான் அவருக்குப் பிடித்திருக்கிறது, தோள் அசையவே வேண்டாம் என்கிறார். இவ்வளவு பெரிய ஓவனை நாலு வர்க்கிக்காகச் சூடாக்குவது கரண்ட் தண்டம் என்று மகன் முணுமுணுக்கிறார். அதில் உண்மை உண்டு. ஆனாலும் ஓடிஜி இறங்கி வரவில்லை.

மருமகளின் புகார் எதிர்பார்த்ததுதான். உள்ளே பார்க்கக் குனிய வேண்டியிருக்கிறது. எடுக்கும்போது இல்லை, கடைசிப் பத்து நிமிடம் கேக்கின் நடுவைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது. அதற்கு அவரே ஒரு குட்டை முக்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். உட்கார்ந்தால் கண்ணாடி கண்ணுக்கு நேராக வருகிறது. நின்றுகொண்டு பார்ப்பதைவிட இது வசதி என்றும் சொன்னார். அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று தெரியவில்லை. குமிழ்களும் நேரம் காட்டும் திரையும் 120 செ.மீ. பக்கத்தில் இருப்பதால் இருவருக்கும் படிக்கச் சிரமமில்லை.

எதிர்பாராதது ஒன்று. ஓவனுக்குக் கீழ் மேலிழுப்பறை வெதுவெதுப்பாகிறது. குளிர் ஊரில் சாக்லேட் எங்கே வைத்தாலும் கெட்டியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் கவர்ச்சர் என்கிற பேக்கிங் சாக்லேட் கட்டிகளை அதில் போட்டு வைத்திருந்தார். நீண்ட ஆர்டர் நாளுக்குப் பிறகு மேல்புறம் வெளிறி, வெள்ளைப் பூத்துவிட்டது. இப்போது அது தட்டுக்கு மட்டும். ஆனால் மாவு புளிக்க வைக்க அந்த இழுப்பறை நல்ல இடம் என்று மாமியார் கண்டுபிடித்துவிட்டார். மலைக் குளிரில் இட்லி மாவு பொங்காமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கைப்பிடியில் துணி தொங்கவிடும் பழக்கத்தைத்தான் நிறுத்த முடியவில்லை. பேரன் அந்தத் துணியைப் பிடித்து இழுத்தால் கதவு திறந்துகொள்ளும். பக்கத்து மேடை ஓரத்தில் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன், துணி அங்கே போகிறதா என்று அடுத்த முறை பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் அதே ஆசாரிக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் வேலை கிடைத்தது. ஓவன் பலகையை இங்கே மாதிரியே ரெண்டு அடி ஒன்றரை இஞ்சில் வெட்டிவிடலாமா என்று போனில் கேட்டார். அந்த வீட்டில் சமைப்பவர்களில் குள்ளமானவரே 165 செ.மீ., முழங்கை 104இல். வாங்கியிருப்பது வேறு ஓவன், அதில் அடியிலிருந்து நடுவரிசை 26 செ.மீ. பலகையை 74இல் வெட்டச் சொன்னேன். வெட்டுவதற்கு முன் அந்த அம்மா செருப்போடு நின்று தண்ணீர்த் தட்டை ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும் என்றும் சொன்னேன்.